அடுக்குகளின் வரலாறு: படச் சேர்க்கையும் கட்டற்ற மென்பொருளும் ஒரு மொட்டைக் கோபுரமும்

1

தமிழ் சினிமாவைப் பற்றி நம்மிடம் நல்ல எழுத்து இருக்கிறது. கா. சிவத்தம்பி, தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்று ஒரு வரிசையே இருக்கிறது. நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த அரசியல், தணிக்கை, ரசிகர் மன்றம், பிம்பம் ஓட்டாக மாறிய கதை எல்லாவற்றையும் இவர்கள் வழியாகத்தான் நாம் பேசக் கற்றுக்கொண்டோம். ஆனால் பிம்பம் என்கிற அந்தச் சரக்கை எந்தக் கருவியால், யார் கையால், யார் அனுமதியோடு ஒட்டுகிறார்கள் என்ற கேள்வி நம் விமர்சனத்துக்குள் அதிகம் வரவில்லை. ‘அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆலையைப் பற்றி எழுதும்போது தறியைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள், சினிமா என்று வந்ததும் தறியை மறந்துபோகிறோம்.

இந்தக் கட்டுரை தறியைப் பற்றியது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்து, இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை போலக் காட்டும் வேலைக்குச் சினிமாக்காரர்கள் காம்போசிட்டிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் படச் சேர்க்கை என்கிறேன். அந்த வேலைக்கு இன்று கிடைக்கிற கட்டற்ற மென்பொருள்களை, திருச்சியில் ஓர் ஆவணப்படத்துக்காக நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து எடைபோட்டுப் பார்த்தோம். எடைபோடும்போது இது கணினியோடு தொடங்கிய கதை அல்ல என்பது தெரிந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இதே ஊரில் நடந்த கதை அது.

2

1858இல் லின்னேயஸ் ட்ரைப் ஸ்ரீரங்கத்தைப் புகைப்படம் எடுத்தார். சென்னை ராணுவத்தில் அதிகாரி. 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் போன வழியெல்லாம் படத் தொகுப்புகளாகப் பின்னர் வெளிவந்தன. ஆண்டைக் கவனிக்க வேண்டும். வடக்கே 1857 எழுச்சியின் நெருப்பு இன்னும் அணையவில்லை. தெற்கே ஒரு ராணுவ அதிகாரி கோயில்களையும் கோட்டைகளையும் அளந்து, பதிந்து, அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆவணமும் ஆட்சியும் ஒரே வண்டியில் பயணம் செய்த காலம் அது.

அன்றைய காகித நெகட்டிவுக்கு நீல ஒளியைத் தாங்கும் சக்தி கிடையாது. கட்டடம் சரியாக விழுந்தால் வானம் வெளிறி ஒரே வெள்ளையாகிவிடும். ட்ரைப் இதற்கு ஒரு வழி கண்டார். நெகட்டிவின் மேலேயே வர்ணம் தொட்டு மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைத் திரளைத் திருத்தினார். அவருடைய படங்கள் பலவற்றில் நாம் பார்க்கும் மேகம் தூரிகையால் வந்தது. அரசாங்கத்தின் ‘உண்மை’ ஆவணத்துக்குள் ஒரு செயற்கை வானம் உட்கார்ந்திருக்கிறது. இன்று ‘ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்’ என்று மென்பொருள் பட்டியலில் ஒரு பொத்தானாக இருப்பது அன்று ஒரு கேப்டனின் கைவேலை.

அதே நூற்றாண்டில் திருச்சியில் இன்னொரு வேலையும் நடந்தது. காக்காப்பொன் என்று நம் பக்கம் சொல்லும் மைக்காத் தகட்டில் ஓவியம் தீட்டி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். பாட்னா, காசி, முர்ஷிதாபாத் போலத் தென்னாட்டில் திருச்சி இதற்குப் பேர்போன இடம். பல்லக்குத் தூக்கி, வண்ணார், நாவிதர், சிப்பாய், கோயில் ஊர்வலம் என்று தொழிலும் சாதியும் சின்னச் சின்னத் தகடுகளாகப் பெட்டியில் அடைபட்டுக் கப்பல் ஏறின. இந்த மைக்கா ஓவிய வகையில் ஒரு விசித்திரமான தொகுப்பு உண்டு. அடியில் ஓர் அட்டை. அதில் ஒரு முகமும் பின்னணியும் மட்டும் இருக்கும். மேலே வைக்கிற மைக்காத் தகடுகளில் முகம் இருக்காது, உடை மட்டும் இருக்கும். தகட்டை மாற்றினால் அதே முகம் இன்னொரு தொழிலாளி ஆகிவிடும்.

ஒளி ஊடுருவும் தகடு, மறைக்க வேண்டிய இடத்தில் வர்ணம், தெரிய வேண்டிய இடத்தில் வெறுமை. படச் சேர்க்கையின் முழு இலக்கணமும் இதற்குள் இருக்கிறது. இதில் இருக்கும் அரசியலும் சாதாரணமானதல்ல. காலனிய அரசு மக்களைச் சாதி சாதியாக வகைப்படுத்திக்கொண்டிருந்த காலத்தின் பொம்மை இது. முகம் யாருடையதாக இருந்தால் என்ன, உடையைப் பார்த்து வகைப்படுத்து என்கிறது. ஆனால் அந்தப் பொம்மையே தன்னை அறியாமல் எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறது: சாதி மேலே வைத்த தகடு, தூக்கினால் போய்விடும். வாங்கிய துரைமார் இப்படிப் படித்திருக்கமாட்டார்கள். நாம் படிக்கலாம்.

ட்ரைப்பின் மேகத்துக்கும் மைக்காத் தகட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேகம் நெகட்டிவோடு ஒட்டிப்போனது. அச்சில் பார்க்கிறவருக்கு அது வரைந்தது என்று தெரிய வழியில்லை. மைக்காத் தகட்டைப் பார்க்கிறவரே தூக்கிப் பார்க்கலாம். மூடிய சேர்க்கை ஒன்று, திறந்த சேர்க்கை ஒன்று. பின்னால் வரும் வாதமெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறது.

3

1905இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பின்னாளில் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தமிழ் சினிமா வரலாறு இவரை ‘முதல் காட்சியாளர்’ என்று பதிவு செய்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரயில்வேயில் சம்பளம் வாங்கிய ஒருத்தர், கருவியைச் சொந்தமாக்கிக்கொண்ட மறுநாளே யாருடைய அனுமதியும் இல்லாமல் படம் காட்ட முடிந்தது. அந்த எந்திரத்தைக் கழற்றலாம், துடைக்கலாம், பழுது பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது என்று அதன் மேல் யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

அதே ஆண்டுகளில் பாரிஸில் ஜார்ஜ் மெலியே ஒரே சுருளைத் திரும்பத் திரும்பச் சுற்றி, 1900இல் வந்த ஒரு படத்தில் ஏழு மெலியேக்களை ஒரே மேடையில் உட்கார்த்தி வாத்தியம் வாசிக்க வைத்தார். லென்ஸின் ஒரு பகுதியை மறைத்து எடு, சுருளைப் பின்னோக்கிச் சுற்று, மறைத்ததைத் திறந்து மற்றதை மறைத்து மறுபடி எடு. தமிழில் இரட்டை வேடப் படங்களுக்கு அடிப்படையும் இதுதான். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு பேரானார். 1957இல் வந்த ‘மாயா பஜாரில்’ மார்கஸ் பார்ட்லியின் கேமரா செய்த ஜாலத்தை இன்றைய பிள்ளைகளும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன் 1964இல் ‘நவராத்திரி’யில் ஒன்பது பேரானார்.

மைக்காப் பெட்டியின் தர்க்கம் இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. அங்கே முகம் யாருக்கும் முக்கியமில்லை, உடைதான் சரக்கு. இங்கே உடை எத்தனை மாறினாலும் முகம்தான் சரக்கு. நட்சத்திரம் என்ற நிறுவனம் இந்த முகத்தின் மேல்தான் கட்டப்பட்டது. அந்த முகத்தை இரண்டாக, ஒன்பதாக ஆக்கியவர்களின் பெயர், டைட்டிலில் ஒரு வரியாக ஓடி மறைந்தது. பார்ட்லி போன்ற சிலர் தப்பித்தார்கள். லேபில் சுருளைக் கழுவியவர், மாஸ்க் வெட்டியவர் யாரும் தப்பிக்கவில்லை.

1994இல் ‘காதலன்’ வந்தது. ‘முக்காலா’ பாட்டில் தலையும் கையும் காலும் இல்லாமல் தொப்பியும் உடையும் மட்டும் ஆடின. படம் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது வாங்கியது. உடை இருக்கிறது, முகம் இல்லை: நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மைக்காத் தகடு கணினிக்குள் வந்து ஆடியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆடுகிறவரின் உடம்பை ஒவ்வொரு ஃப்ரேமிலும் நீக்கி, அந்த ஓட்டைக்குள் பின்னணியை வைத்து அடைக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம். பாட்டு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எத்தனை மனிதர்களின் எத்தனை இரவு என்று புரியும்.

4

இனி உடைமைக் கதைக்கு வருவோம்.

கணினிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் நாலாவதாக ஒரு எண்ணைச் சேர்த்தார்கள். ஆல்ஃபா என்று அதற்குப் பெயர். 0 என்றால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, 1 என்றால் முழுதாக மறைக்கும், நடுவில் இருந்தால் மைக்கா மாதிரி பாதி தெரியும். 1984இல் லூக்காஸ் ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இந்த எண்ணை வைத்துக் கணக்கையே எழுதிவிட்டார்கள்: மேலே உள்ள படத்தை எடுத்துக்கொள், கீழே உள்ள படத்தை, ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. இவ்வளவுதான். உலகத்தில் இன்று நடக்கும் படச் சேர்க்கையில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக் கணக்கு. கட்டுரையாக அச்சானது, யாரும் படிக்கலாம்.

கணக்கு பொதுச் சொத்தாக இருந்தது. கருவி தனிச் சொத்தானது. கோடாக்கின் சினியான் என்ற மென்பொருள் 1990களில் வந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. ஷேக் என்ற மென்பொருளில் பெரிய பெரிய படங்கள் தயாராயின. 2002இல் ஆப்பிள் அதை வாங்கியது, 2009இல் மூடியது. மென்பொருளை நம்பி வருஷக்கணக்கில் கை பழக்கியவர்களும், அதில் சேமித்த கோப்புகளும் நடுத்தெருவில் நின்றார்கள். டிஜிட்டல் டொமைன் ஸ்டுடியோ தன் உபயோகத்துக்கு எழுதிக்கொண்ட நியூக், 2007இல் ஃபவுண்ட்ரி நிறுவனத்தின் கைக்குப் போய்த் தொழிலின் தரமுறையே ஆகிவிட்டது. 2013இல் அடோபி தன் புதிய பதிப்புகளை விற்பதை நிறுத்தி மாத வாடகைக்கு விடத் தொடங்கியது. சாமிக்கண்ணு வின்சென்ட் எந்திரத்தை வாங்கினார். அவருடைய பேரன் வயதுப் பிள்ளைகள் எந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகை நின்றால் தாங்கள் செய்த வேலையையே அவர்களால் திறந்து பார்க்க முடியாது.

மறுபக்கம் இன்னொரு வரலாறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு நிரலை எதற்கும் பயன்படுத்த, உள்ளே படித்துப் பார்க்க, மாற்ற, மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்க உரிமை வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2002இல் ஒரு நெதர்லாந்து நிறுவனம் மூடப்பட்டபோது, பிளெண்டர் என்ற மென்பொருளை எழுதிய டோன் ரோசன்டால் அதன் மூலநிரலை மீட்க உலகெங்கும் பணம் திரட்டினார். ஒரு லட்சம் யூரோ ஏழு வாரத்தில் சேர்ந்தது. அன்று முதல் பிளெண்டர் கட்டற்றது. 2006இல் அதற்குள் கணுக்களால் ஆன சேர்க்கை வசதி வந்தது. 2012இல் ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற குறும்படத்தைத் தயாரிக்கும் சாக்கில் கேமரா அசைவைப் பின்தொடர்வது, மாஸ்க் வரைவது எல்லாம் மேம்பட்டன. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ முழுக்கப் பிளெண்டரில் உருவானது.

பிரான்சின் பொதுப்பண ஆய்வு நிறுவனமான இன்ரியாவில் நேட்ரான் என்ற மென்பொருள் பிறந்தது. படச் சேர்க்கை ஒன்றுதான் அதன் வேலை. தான்சானியாவில் இருக்கும் உப்பேரி ஒன்றின் பெயர் அது. செத்த பறவைகளை உப்பு மூடிச் சிலை போலக் காத்துவைக்கிற ஏரி. ஆவணப்படம் எடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய பெயர்.

5

எங்கள் வேலைக்கு வருகிறேன். ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் பூ, பாத்திரம், பொம்மை விற்றவர்கள், சுமை தூக்கியவர்கள் ஆகியோரின் வாய்மொழி நினைவுகளைத் தொகுக்கும் ஒரு சிறு ஆவணப்படம். அவர்களில் வயதானவர்கள் எல்லோருக்கும் நினைவு ‘மொட்டைக் கோபுரத்தடி’யில்தான் தொடங்குகிறது. விஜயநகர காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரம் நாலு நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாகவே கிடந்தது. 1987இல்தான் 236 அடி ராஜகோபுரமாக எழும்பிக் குடமுழுக்கு கண்டது. அதற்கு முன்னால் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு காட்சி தேவைப்பட்டது. இன்றைய தெருவைப் படம் பிடித்து, கோபுரத்தின் மேல்நிலைகளை நீக்கி, பழைய புகைப்படங்களின் துணையோடு மொட்டையை மீண்டும் வைக்க வேண்டும். நாற்பது வினாடி.

எந்த மென்பொருள் என்று முடிவு செய்ய நாலு கேள்விகள் வைத்துக்கொண்டோம். பத்து வருஷம் கழித்து எங்கள் கோப்பை யாரிடமும் கெஞ்சாமல் திறக்க முடியுமா? கையிலிருக்கும் சாதாரண மடிக்கணினியில் ஓடுமா? தமிழ் எழுதுமா? கற்றுக்கொண்ட பிள்ளை இதை வைத்து எங்காவது பிழைக்க முடியுமா?

நேட்ரான் முதல் கேள்வியில் தேறியது. அதன் கோப்பு வெறும் உரை; மென்பொருளே செத்தாலும் ஓர் உரைத் திருத்தியில் திறந்து எந்த அடுக்கு எதன் மேல் இருந்தது என்று படிக்கலாம். நாலாவது கேள்விக்கும் நல்ல பதில் சொன்னது. கணுக்களை இணைக்கும் முறை நியூக்கை ஒத்தது. இங்கே கை பழகியவர் அங்கே போய் முழிக்க வேண்டியதில்லை. ரோட்டோ, அதாவது ஃப்ரேம் ஃப்ரேமாக உருவத்தின் விளிம்பை வரைந்து வெட்டுவது, அதில் ஒழுங்காக நடக்கிறது. கோபுரத்தின் முன்னால் போகிற மின்கம்பி, பேருந்து, குடை பிடித்த ஆட்கள் எல்லோரையும் இப்படித்தான் காப்பாற்ற வேண்டும். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பராமரிப்பவர்கள் மிகச் சிலர். முதலில் எழுதியவர்கள் விலகியபின் வேகம் குறைந்துவிட்டது, 2.5 பதிப்பு 2022இல் வந்தது. பொது நிறுவனம் பெற்றுப் போட்ட பிள்ளையை வளர்க்கப் பொதுப்பணம் தொடரவில்லை என்பதுதான் இதன் பாடம்.

பிளெண்டர் உயிர்ப்போடு இருக்கிறது. அறக்கட்டளை இருக்கிறது, நன்கொடை வருகிறது, பதிப்பு மேல் பதிப்பு வருகிறது. கேமரா நகர்ந்தால் அந்த அசைவைக் கணக்கிட்டு, மொட்டைக் கோபுரத்தின் முப்பரிமாண வடிவத்தை அதே இடத்தில் உட்கார்த்த அதைவிட நல்ல கட்டற்ற கருவி கிடையாது. ஆனால் படச் சேர்க்கை அந்தப் பெரிய வீட்டில் ஓர் அறைதான். புதிதாக வருகிறவர் வாசலிலேயே தொலைந்துபோவார். மொட்டையைத் தீட்டுவதற்குக் கிருதாவும் கிம்ப்பும் போதும்.

மூன்றாவது கேள்வி தமிழ். இங்கே தொழில்நுட்பம் எவ்வளவு நடுநிலையானது என்று பார்க்கலாம். ‘கோபுரம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘கோ’வில் கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், கணினியின் நினைவில் ககரம்தான் முதலில் இருக்கும். எழுத்தைச் சேர்க்கத் தெரியாத மென்பொருள் ககரத்தைத் தனியே விட்டுப் பக்கத்தில் புள்ளி வட்டத்தைப் போட்டு உயிர்க்குறியை அநாதையாக நிறுத்தும். ‘ஸ்ரீரங்கம்’ என்று எழுதினால் கேட்கவே வேண்டாம். ரோமன் எழுத்தே எழுத்து என்ற அனுமானத்தில் எழுதிய நிரல் இப்படித்தான் நடக்கும். பிளெண்டரின் எழுத்துக் கருவி நீண்ட காலம் இந்திய எழுத்துகளுக்கு இந்தக் கதியைத்தான் வைத்திருந்தது. நேட்ரானோடு வரும் எழுத்துக் கருவிகளில் ஒன்று பாங்கோ என்ற கட்டற்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது எழுத்தைச் சேர்க்கத் தெரிந்தது. ‘பான்’ கிரேக்கத்தில் எல்லாம், ‘கோ’ ஜப்பானியத்தில் மொழி: எல்லா மொழியும் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். இங்க்ஸ்கேப்பிலும் அதே பாங்கோதான். தலைப்பை அங்கே எழுதிப் படமாகக் கொண்டுவந்தால் எந்த மென்பொருளிலும் வேலை முடிந்தது.

இலவசமாகக் கிடைக்கும் ஆனால் கட்டற்றது அல்லாத மென்பொருள்களையும் பார்த்தோம். டாவின்சி ரிசால்வும் அதற்குள் இருக்கும் ஃப்யூஷனும் வலுவானவை. காசில்லாமல் ஒரு பதிப்பைக் கொடுக்கிறார்கள். நியூக்குக்கும் வணிகம் செய்யாதவருக்கென்று ஒரு பதிப்பு உண்டு, ஹெச்டி அளவுக்கு மேல் வெளியே விடாது. கொடுக்கிறவர் நாளைக்குக் கதவைச் சாத்தினால் கேட்க நமக்கு உரிமை இல்லை. திருட்டுப் பிரதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மூர்களில் பலரும் கை பழகியது அதில்தான். அதற்காக யாரையும் ஒழுக்க போதனை செய்ய நான் தயாரில்லை. ஆனால் திருட்டுப் பிரதி பூட்டை உடைப்பதில்லை, சாவியின் நகலைத் தருகிறது. கோப்பு அதே நிறுவனத்தின் வடிவத்தில்தான் பூட்டிக் கிடக்கும்.

ஆகப் படத்தைச் சித்திரை உச்சி வெயிலில் எடுப்பது என்று முடிவானது. ஸ்ரீரங்கத்துக்கு அப்போது சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். காலையிலோ மாலையிலோ எடுத்தால் கோபுரத்தை நீக்கினாலும் அதன் நிழல் தெருவில் கிடக்கும். சேர்க்கை நேட்ரானில், தீட்டுவது கிருதாவில். இதுவரை வேலை. இதற்கு மேல்தான் விவகாரம்.

6

சட்டகத்துக்குள் கோபுரம் மட்டும் இல்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலையும் இருக்கிறது. 2006 டிசம்பரில் வைத்தது. திறப்பதற்கு முன்பே உடைக்கப்பட்டு, தமிழ்நாடே கொதித்து, மறுபடி வைக்கப்பட்ட சிலை. 1987க்கு முந்தைய தெருவைக் காட்ட வேண்டுமென்றால் தர்க்கப்படி அதையும் நீக்க வேண்டும்.

“கோபுரத்தத் தூக்குற மாதிரி இதையும் தூக்கிர வேண்டியதுதானே அண்ணே, ஒரு மாஸ்க்தானே” என்றார் எங்களில் இளையவர். “ஒரு மாஸ்க்தான் தோழர். அன்னைக்கும் ஒரு சுத்தியல்தான்” என்றார் இன்னொருவர். “அப்ப கோபுரத்தை மட்டும் எடுத்தா பக்தருங்க சும்மா இருப்பாங்களா?” என்றார் படத்தொகுப்பு செய்யும் தோழி. மூன்று பேர் சொன்னதும் நியாயம்.

ஒரு கட்டடத்தை இல்லாமல் ஆக்குவது நம் நாட்டில் அப்பாவித்தனமான காரியம் கிடையாது. 1992 டிசம்பர் 6க்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ‘முன்பு இங்கே இது இல்லை’, ‘முன்பு இங்கே இன்னொன்று இருந்தது’ என்ற வாக்கியங்களின் மேல்தான் கடப்பாரை எழுந்தது. மென்பொருளில் செய்யும் நீக்கத்துக்கு ரத்தம் இல்லை என்பது உண்மை. ஆனால் பழைய தெருவின் ‘அசல்’ தோற்றம் என்று ஒன்றைத் தயாரித்து, ஒட்டிய தடம் தெரியாமல் பார்வையாளர் முன் வைத்தால், நாம் ட்ரைப்பின் மேகத்தைத்தான் வரைந்திருக்கிறோம். அந்த அசலுக்குள் பெரியார் இருக்கமாட்டார். எந்தக் காலத்தையும் ‘அசல்’ என்று தேர்ந்தெடுக்கிறவர் சிலரை அதற்குள் சேர்க்கிறார், சிலரை வெளியே நிறுத்துகிறார். மொட்டைக் கோபுரக் காலமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அந்த வாசலைக் கடந்து உள்ளே போகும் உரிமை ஒரு பகுதி மக்களுக்கு 1939 சட்டத்துக்குப் பிறகுதான் சட்டத்தின் துணையோடு வந்தது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு மைக்காப் பெட்டியிலிருந்து வந்தது. காட்சி மொட்டையில் தொடங்கும். பிறகு பார்வையாளர் கண்ணெதிரே, ஆண்டு எண்ணோடு, அடுக்கு அடுக்காக வந்து உட்காரும்: 1987இல் கோபுரம், 2006இல் சிலை, கடைசியாக இன்றைய பேருந்தும் விளம்பரப் பலகையும். எந்த அடுக்கும் கள்ளத்தனமாக நுழையாது. படத்தோடு நேட்ரான் கோப்பையும் அடுக்குப் படங்களையும் வெளியிடுவோம். வேண்டியவர் தகட்டைத் தூக்கிப் பார்க்கலாம், எங்கள் வரிசை தவறு என்றால் மாற்றி இன்னொரு படம் செய்யலாம். பூட்டிய மென்பொருளிலும் காட்சியை இப்படி அமைத்துவிட முடியும். ஆனால் பார்ப்பவர் கையில் அடுக்குகளைக் கொடுத்து, அவரும் அவற்றைத் திறக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. கட்டற்ற மென்பொருளை நான் ஆதரிப்பதற்குக் காசு மிச்சம் என்பது இரண்டாவது காரணம்தான்.

7

இந்த இடத்தில் சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் காசின்மையையும் விடுதலையையும் குழப்பிவிடுகிறது. தமிழில் நமக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. இலவசம் என்பது கொடுப்பவரின் பெருமை. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த அரசு அதை ‘விலையில்லா மடிக்கணினி’ என்றது. அது வாங்குபவரின் மானத்தைக் காக்கச் செய்த சொல். கட்டற்றது என்பது இரண்டுமில்லை, அது உரிமையின் சொல். அந்த மடிக்கணினியில் விண்டோஸும், சிடாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விலையில்லாத பெட்டிக்குள் கட்டுள்ளதும் கட்டற்றதும் சேர்ந்தே இருந்தன. எது எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. கணியம் போன்ற தமிழ் மின்னிதழ்கள் 2012 முதல் அந்தக் குறையை நிரப்பப் பாடுபட்டு வருவதைச் சிற்றிதழ் உலகம் கண்டுகொள்ளவில்லை.

அதே சமயம் கட்டற்ற மென்பொருளை மோட்சமாக்கிவிடவும் கூடாது. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க ஸ்டுடியோவின் கதை போதும். சினிமாவுக்கேற்ற கிம்ப்பை உருவாக்க உதவிய நிறுவனம் அது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்து நம் பிள்ளைகளின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு, புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கியது. 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் ஆஸ்கர் மேடையில் அந்தப் படத்தின் காட்சிக் கலைஞர் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது இசையைப் போட்டு நிறுத்தினார்கள்; அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். கட்டற்ற கருவி அவர்கள் வேலையைக் காப்பாற்றவில்லை. 2018இல் உருவான அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனில் பெரிய ஸ்டுடியோக்களே சேர்ந்து கட்டற்ற நிரல்களைப் பராமரிக்கின்றன. தங்களுக்குள் பொதுவான செலவைக் குறைக்க முதலாளிகளும் பொதுமையைப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு இது சாட்சி. கருவி பொதுவாவதும் உழைப்புக்குக் கூலி கிடைப்பதும் இரண்டு தனிப் போராட்டங்கள். ரோட்டோ வரையும் கைக்குச் சங்கம் வேண்டும். அதை எந்த உரிமமும் எழுதிக் கொடுக்காது.

ஆனாலும் முதல் போராட்டம் இரண்டாவதற்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது. கருவி தன் கையில் இருக்கிறவர் முதலாளி கதவை மூடிய மறுநாளும் வேலை செய்யலாம், கற்றுக்கொடுக்கலாம். வின்சென்ட் ரயில்வேயை விட்டுப் போனது அந்தத் தைரியத்தில்தான். எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நேட்ரானுக்கோ பிளெண்டருக்கோ தமிழில் ஒரு முறையான கையேடு எழுதுவது இலக்கியக் காரியம் இல்லை என்று நினைப்பவர்கள், மாஸ்க், ரோட்டோ, கீயிங், மேட் என்று அந்தத் தொழிலாளர்கள் தினமும் புழங்கும் சொற்களை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கட்டும். அந்தச் சொற்களை மாற்றச் சொல்லவில்லை. அவை சுட்டும் வேலையை விளக்குகிற தமிழ் உரைநடை நம்மிடம் இல்லை என்கிறேன். அதை எழுத எம்.ஏ. தமிழ் படித்தவனும் ரோட்டோ வரைகிறவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். திருச்சியில் அந்த மேசையைப் போட்டிருக்கிறோம். கையேட்டின் முதல் அத்தியாயம் ஆல்ஃபா, இரண்டாவது, நிழல்.